இணைப்பு வேறு, பாதை வேறு

குன்றக்குடியிலிருந்து பழனிக்குப் பாதயாத்திரை போகும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். கணினியில் கூகுள் மேப்பைத் திறந்து, நீலக் கோட்டை இழுத்து இழுத்துத் தாம் விரும்பும் கிராமச் சாலைகள் வழியாகக் கொண்டுவந்தாராம். இணைப்பைக் குழுவினருக்கு அனுப்பினால், அவர்கள் கைபேசி வேறு வழியைக் காட்டுகிறதாம். "நான் போட்ட வழி எங்கே போயிற்று?" என்று கேட்கிறார்.

அந்த இணைப்புக்குள் வழியே இல்லை. புறப்படும் இடம், சேரும் இடம், நடுவே ஊன்றிய சில இடங்கள், இவ்வளவுதான் அதில் இருக்கும். திறக்கும்போதெல்லாம் வரைபடம் வழியைப் புதிதாகக் கணக்குப் போடுகிறது.

வழியைக் கோப்பாக இறக்கி வைப்பதுதான் தீர்வு. கூகுளின் 'மை மேப்ஸ்' பக்கத்தில் வழி வரைந்தால் கேஎம்எல் கோப்பாக இறக்கலாம். தன்னார்வலர்கள் 2004 முதல் உருவாக்கிவரும் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவுகளைக் கொண்டு இயங்கும் 'பிரௌட்டர்' தளத்தில் ஜிபிஎக்ஸ் கோப்பாகக் கிடைக்கும். இரண்டும் வெறும் எழுத்துக் கோப்புகள். நோட்பேடில் திறந்தால் பழனி, அட்சரேகை ஏறக்குறைய 10.45, தீர்க்கரேகை ஏறக்குறைய 77.52 என எண்களாகத் தெரியும். புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கம் எழுதினால் ஒரு மீட்டர் அளவுக்கு இடத்தைச் சுட்டிவிடலாம்.

என்னை மிகவும் ஈர்ப்பது ஜிபிஎக்ஸுக்குள் இருக்கும் ஒரு வேறுபாடு. 2002-இல் வந்த இந்த வடிவம் ஒரே பயணத்தை இரண்டு விதமாக எழுத இடம் தருகிறது: ஒன்று 'ரூட்', மற்றொன்று 'டிராக்'. இதைக் கோலத்தோடு ஒப்பிடலாம்: மார்கழியில் என் அம்மா வைக்கும் அதே புள்ளிகளை வைத்து அத்தை வேறொரு கோலம் போட்டுவிடுவார். 'ரூட்' என்பது புள்ளி மட்டும். எப்படிச் சேர்ப்பது என்பதைக் கருவியே தீர்மானித்துக்கொள்ளக்கூடும். 'டிராக்' என்பது இழையோடு சேர்ந்த கோலம். சாலையின் ஒவ்வொரு வளைவிலும் நெருக்கமாகப் புள்ளிகள் பதிவாகியிருப்பதால், கருவி தன் விருப்பப்படி வழியை மாற்ற இடமில்லை. வாசகர் அனுப்ப வேண்டியது இந்த 'டிராக்' கோப்பைத்தான். ஆஸ்மண்ட், ஆர்கானிக் மேப்ஸ் போன்ற செயலிகளில் வழியிலுள்ள ஊர்களின் வரைபடத்தையும் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால், சிக்னல் இல்லாத இடத்திலும் கோடு தெரியும்.

வழியைத் தேடியதும் திரையைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு, சேமித்தாயிற்று என்று பலர் இருந்துவிடுகிறார்கள். படத்தைப் பின்தொடர்ந்து எந்தக் கருவியும் வழிகாட்டாது. எது வேகமான சாலை என்பதை வரைபட நிறுவனங்கள் கணக்கிட்டுச் சொல்லும். எங்கே நிழல் இருக்கிறது, எங்கே தண்ணீர் கிடைக்கும், இருட்டியபின் எந்த இடத்தில் நெடுஞ்சாலையை விட்டு இறங்க வேண்டும் என்பது நடந்தவருக்குத்தான் தெரியும். அந்த அறிவை மூத்தவர்களின் நினைவில் மட்டும் விட்டுவைத்தால் அது அவர்களோடு போய்விடும்.

எனவே பாதயாத்திரைக் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தைப்பூசத்துக்குள், முன்னே நடக்கும் பெரியவரைக் கணினிமுன் உட்காரவைத்து, அவர் சொல்லச் சொல்ல வழியை வரையுங்கள். தண்ணீரும் நிழலும் உள்ள இடங்களைக் குறியுங்கள். கோப்பாக இறக்கி, குழுவில் நாலு பேரிடமாவது கொடுத்து வையுங்கள்.