பாலாற்றங்கரையில் ஒரு நாள்

குரோம்பேட்டை ஸ்டேஷனைத் தினமும் கடந்து வருகிறோமே, அந்தப் பெயர் எப்படி வந்தது தெரியுமா? அங்கே இருந்த குரோம் லெதர் கம்பெனியால் வந்தது. என் அப்பா பல்லாவரம் பக்கம் ஒரு டேனரியில் டிரம் ஓட்டியவர். அந்தச் சம்பளத்தில்தான் எங்கள் வீட்டிலேயே முதல் ஆளாக நான் டிப்ளமோ படிக்கிறேன்.

சென்ற விடுமுறையில் அப்பாவும் நானும் ராணிப்பேட்டை போய் வந்தோம். தாம்பரத்தில் பஸ் ஏறி, காஞ்சிபுரத்தில் மாறினோம். பாலாற்றின் ஒரு கரையில் ஆற்காடு, மறு கரையில் ராணிப்பேட்டை. ஆற்காடு, நவாபுகளின் தலைநகரம். 1751-ல் கிளைவ் முற்றுகையைத் தாங்கி நின்ற ஊர். கோட்டையின் தில்லி வாசல் இன்றும் நிற்கிறது. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ல் ராயபுரத்திலிருந்து பக்கத்திலுள்ள வாலாஜா ரோடு வரை ஓடியது. ராணிப்பேட்டையில் தோல் தொழில், பாரி கம்பெனி, பெல் தொழிற்சாலை எல்லாம் வளர்ந்தன. 2019-ல் தனி மாவட்டமும் ஆனது.

ஆற்றில் இறங்கினால் மணல்தான். "ஊத்து தோண்டினா தண்ணி இனிக்கும்னு சொல்லுவாங்கடா" என்றார் அப்பா. இப்போது பல இடங்களில் கிணற்று நீரே உப்பு. காரணம் என்ன?

பச்சைத்தோல் கெடாமலிருக்க உப்பு போடுகிறார்கள். கழுவும்போது அந்த உப்பு தண்ணீரோடு போகிறது. டிரம்மில் ஊற்றும் குரோமியம் உப்பு முழுவதையும் தோல் உறிஞ்சாது. மிச்சம் கழிவில் வரும். இது மூன்று இணைதிறன் குரோமியம். காரம் சேர்த்தால் அடியில் படியும். அதை எடுத்துக் கந்தக அமிலத்தில் கரைத்தால் மறுபடி டிரம்முக்கே உதவும். ஆறு இணைதிறன் குரோமியமோ நீரில் சுலபமாகக் கரையும், விஷம். சிப்காட்டில் 1990-களில் மூடப்பட்ட ஒரு குரோமேட் தொழிற்சாலை இந்தக் கழிவை மலைபோல் விட்டுச் சென்றது.

1996-ல் உச்ச நீதிமன்றம், கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும் என்று வேலூர் மாவட்டத் தோல் வழக்கில் தீர்ப்பளித்தது. டேனரிகள் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் சேரவோ, சொந்தமாக அமைக்கவோ வேண்டியதாயிற்று.

திரும்பும்போது அப்பா கேட்டார்: "அப்ப நான் உன்னைப் படிக்க வச்ச காசு தப்பான காசாடா?"

எனக்குத் தொண்டை அடைத்தது. "இல்லப்பா, டிரம்முக்கு அப்புறம் தண்ணி எங்க போவுதுன்னு உனக்கு யாரும் சொல்லல. எனக்குச் சொல்லியிருக்காங்க" என்றேன்.

நண்பர்களே, தாம்பரம், பல்லாவரம் குழாய்களுக்கும் பாலாற்றுத் தண்ணீர் வந்திருக்கிறது. அது யாரோ ஒருவருடைய ஆறு அல்ல. தொழிலை மூடினால் அப்பா போன்றவர்கள் வயிறு காயும். அப்படியே விட்டால் ஆறு காயும். இரண்டையும் காக்கும் வேலை பம்ப், வால்வு, பில்டர் தெரிந்த நம்மிடம்தான் இருக்கிறது. இறுதியாண்டு புராஜெக்டுக்கு நான் குரோமியம் மீட்பைத்தான் எடுக்கப்போகிறேன். என்னோடு யார் வருகிறீர்கள்?