காட்டுப்பன்றி வேட்டைக்குப் பயணம் போகலாமா? சேஷாசலம் அடிவாரத்தில் சட்டம் சொல்வது என்ன?

திருச்சானூர்: பத்மாவதி தாயார் கோயில் அமைந்துள்ள திருச்சானூரிலிருந்து வடக்கே நோக்கினால் சேஷாசலம் மலைத்தொடர் தெரியும். அந்த மலையடிவாரத்திலும் அதனை ஒட்டிய திருப்பதி, சித்தூர் மாவட்டங்களிலும் நிலக்கடலை, கரும்பு, நெல் ஆகியவை பயிரிடப்படுகின்றன. இரவில் காட்டைவிட்டு இறங்கும் காட்டுப்பன்றிக் கூட்டம், ஒரே இரவில் ஒரு நிலக்கடலைக் கொல்லையைக் கிளறிப் பாழாக்கிவிடக் கூடியது.

மறுபுறம், வெளிநாடுகளில் வழிகாட்டியுடன் பன்றி வேட்டைக்குச் செல்வோரின் காணொளிகள் கைப்பேசிகளில் பரவுகின்றன. பணம் கட்டினால் இங்கும் அப்படியொரு பயணம் போக முடியுமா என்ற கேள்வி பலருக்கு எழுகிறது. முடியாது என்பதே பதில். அது தண்டனைக்குரிய குற்றம். ஆனால் அந்தப் பதிலோடு பயிரை இழக்கும் விவசாயியின் சிக்கல் தீர்ந்துவிடுவதில்லை.

வெளிநாட்டில் நடப்பது என்ன?

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பன்றி வேட்டை ஒரு தொழிலாகவே நடைபெறுகிறது. நில உரிமையாளரோ வழிகாட்டியோ கட்டணம் பெற்றுக்கொண்டு, தங்கும் இடம், வாகனம், இரவில் பார்க்க உதவும் கருவி ஆகியவற்றை ஏற்பாடு செய்கின்றனர். தனியார் நிலத்தில் உரிமையாளரின் இசைவுடன் பன்றியைச் சுட, 2019 முதல் அங்கு வேட்டை உரிமம்கூடத் தேவையில்லை.

இதற்குக் காரணம் உண்டு. பன்றி அமெரிக்க மண்ணுக்குரிய விலங்கு அன்று. 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் கொண்டுவந்த வளர்ப்புப் பன்றிகள் காட்டில் பெருகியதால், அங்கு அது அயல் ஊடுருவலாகக் கருதப்படுகிறது. இந்தியாவில் காட்டுப்பன்றி இம்மண்ணின் விலங்கு. புலி, சிறுத்தை, செந்நாய் ஆகியவற்றின் முக்கிய இரை. எனவே இங்கு சட்டத்தின் பார்வையும் வேறு.

இந்தியச் சட்டம் கூறுவது

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் 9-ஆவது பிரிவு, பட்டியலிடப்பட்ட விலங்குகளை வேட்டையாடுவதைத் தடை செய்கிறது. 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்கு முன் காட்டுப்பன்றி மூன்றாம் பட்டியலில் இருந்தது. தற்போது இரண்டாம் பட்டியலில் உள்ளது. இத்திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது.

விலங்கைக் கொன்றால் மட்டுமே வேட்டை என்று பலர் எண்ணுகின்றனர். சட்டத்தின் வரையறை அதைவிட விரிவானது. நஞ்சு வைத்தல், கண்ணி வைத்தல், பிடித்தல், இரை காட்டி ஈர்த்தல், விரட்டிச் செல்லுதல் ஆகியவையும், இவற்றுக்கான முயற்சியும் வேட்டையே. ஒரு பன்றிகூடக் கிடைக்காமல் திரும்பினாலும் குற்றம் குற்றமே. உடந்தையாக இருப்போரும் சட்டத்தின் பிடிக்குள் வருவர் என்பதால், ஏற்பாடு செய்தவரும் வழிகாட்டியும் தப்ப முடியாது.

இதற்கான தண்டனை 3 ஆண்டுகள் வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆயுதத்தையும் வாகனத்தையும் பறிமுதல் செய்ய அதிகாரிகளுக்கு அதிகாரம் உண்டு. வேட்டையாடப்பட்ட விலங்கு அரசின் உடைமையாகிறது. ஆகவே அதன் இறைச்சியை வாங்குவதும் வைத்திருப்பதும் வழக்குக்கு இடமளிக்கும்.

சேஷாசலத்தில் கூடுதல் ஆபத்து

திருப்பதிக்கு அருகிலுள்ள காட்டின் பெரும்பகுதி, 1989-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீ வெங்கடேஸ்வரா தேசியப் பூங்காவுக்குள் அடங்குகிறது. சேஷாசலம் 2010-இல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. தேசியப் பூங்காவுக்குள் வேட்டையாடினால் தண்டனை குறைந்தது 3 ஆண்டுகள், அதிகபட்சம் 7 ஆண்டுகள் சிறை, அபராதமும் உண்டு. உரிய அனுமதியின்றி ஆயுதத்துடன் உள்ளே நுழைவதே தனிக் குற்றம்.

செம்மரக் கடத்தலைத் தடுக்க இக்காடு இரவும் பகலும் கண்காணிக்கப்படுகிறது. 2015 ஏப்ரல் 7 அன்று, இம்மலைத்தொடரில் நடைபெற்ற துப்பாக்கிச் சூட்டில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 மரம்வெட்டும் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். அந்த நிகழ்வு இரு மாநிலங்களிலும் பெரும் சர்ச்சையை எழுப்பியது. இத்தகைய காட்டுக்குள் இருளில் துப்பாக்கியுடனும் கைவிளக்குடனும் நுழைபவர், வழக்கை மட்டுமன்றித் தம் உயிரையும் பணயம் வைக்கிறார்.

துப்பாக்கி உரிமம் இருந்தால் போதுமா?

போதாது. ஆயுதச் சட்டம், 1959-இன்கீழ் பயிர்ப் பாதுகாப்புக்காகத் துப்பாக்கி உரிமம் பெற வழியுண்டு. ஆனால் அது ஆயுதத்தை வைத்திருப்பதற்கான உரிமம் மட்டுமே. விலங்கைக் கொல்வதற்கான அனுமதி அன்று. தற்காப்பு மட்டுமே இதற்கு விலக்கு. தம்மையோ பிறரையோ காக்க நல்லெண்ணத்துடன் விலங்கைக் கொன்றாலோ காயப்படுத்தினாலோ அது குற்றமாகாது. எனினும், அச்சமயத்தில் அவர் வேறு சட்டமீறலில் ஈடுபட்டிருந்தால் அந்தப் பாதுகாப்பு கிடைக்காது. வேட்டைக்குச் சென்ற இடத்தில் பன்றி பாய்ந்தது, அதனால் சுட்டேன் என்ற வாதம் செல்லாது.

யார் அனுமதி அளிக்கலாம்?

சட்டம் இரு வழிகளைத் திறந்து வைத்துள்ளது. முதலாவது, 11-ஆவது பிரிவு. மனித உயிருக்கோ பயிர் உள்ளிட்ட உடைமைக்கோ ஆபத்தாக மாறிய விலங்கைக் கொல்ல, மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவர் அதிகாரமளித்த அலுவலரோ காரணங்களைக் குறிப்பிட்டு எழுத்து மூலம் அனுமதி வழங்கலாம்.

இரண்டாவது, 62-ஆவது பிரிவு. குறிப்பிட்ட பகுதியில், குறிப்பிட்ட காலத்திற்கு ஒரு விலங்கைத் தீங்குயிரியாக மத்திய அரசு அறிவிக்கலாம். பீகாரின் சில மாவட்டங்களில் 2015 டிசம்பரிலும், உத்தராகண்டின் சில பகுதிகளில் 2016 பிப்ரவரியிலும் காட்டுப்பன்றி இவ்வாறு ஓராண்டுக்கு அறிவிக்கப்பட்டது. கேரளமும் இதே கோரிக்கையைப் பலமுறை முன்வைத்தும் மத்திய அரசு ஏற்கவில்லை. அதனால் 2022-இல் அம்மாநிலம் 11-ஆவது பிரிவின் வழியே உள்ளாட்சித் தலைவர்களுக்கு அனுமதி அளிக்கும் அதிகாரத்தை வழங்கியது. அங்கும் சுடப்பட்ட பன்றியின் இறைச்சியை உண்ண அனுமதி இல்லை.

தமிழ்நாடு 2025 ஜனவரியில் வேறொரு முறையை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை, பிடித்துக் காட்டுக்குள் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் மட்டுமே, பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம். இதற்காகக் கிராம அளவில் குழுக்களும் அமைக்கப்படுகின்றன. இந்த ஏற்பாடுகள் எவற்றிலும் சுற்றுலா வருபவருக்கு இடமில்லை.

மின்வேலியும் வெடிகாயும்

அனுமதி கிடைக்கத் தாமதமாகும்போது சிலர் குறுக்குவழியை நாடுகின்றனர். மின்கம்பியிலிருந்து நேரடியாக இணைப்பு எடுத்து வேலியில் பாய்ச்சுவதும், பழத்துக்குள் வெடிமருந்து வைப்பதும் அவற்றுள் சில. தமிழ்நாட்டில் இந்த வெடிக்கு அவுட்டுக்காய் என்று பெயர்.

இவை பன்றியோடு நிற்பதில்லை. 2020 மே மாதம் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், வாயில் வெடித்த வெடிகாயால் படுகாயமுற்ற கருவுற்ற யானை ஆற்றில் நின்றபடியே உயிரிழந்தது. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே, விளைநிலத்தைச் சுற்றி அமைக்கப்பட்ட சட்டவிரோத மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் மடிந்தன. இரு குட்டிகள் உயிர்தப்பின. 2025 ஜூனில் கேரளத்தின் நிலம்பூர் பகுதியில், பன்றியைப் பிடிக்கப் போடப்பட்ட மின்கம்பியில் சிக்கிப் பத்தாம் வகுப்பு மாணவர் ஒருவர் உயிரிழந்தார். சித்தூர் மாவட்டத்தின் கௌண்டின்யா சரணாலயத்தை ஒட்டிய ஊர்களிலும் யானைகள் நடமாடுகின்றன. அங்கு இழுக்கப்படும் ஒவ்வொரு மின்கம்பியும் இதே ஆபத்தைச் சுமந்திருக்கிறது.

விவசாயி செய்யக்கூடியவை

பன்றி ஏறத்தாழ 115 நாட்களில் குட்டி ஈனும். ஒரே ஈற்றில் பல குட்டிகள் பிறக்கும். ஆகையால் ஒன்றிரண்டைக் கொல்வதால் எண்ணிக்கை நிலையாகக் குறைவதில்லை. வயலுக்குள் வராமல் தடுப்பதே பயன் தருகிறது. சேதத்தைக் குறைக்கச் சில வழிகள் உள்ளன.

நிலக்கடலையைச் சுற்றி முள் நிறைந்த குசும்பாவையும், மக்காச்சோளத்தைச் சுற்றி ஆமணக்கையும் சில வரிசைகள் பயிரிடுமாறு வேளாண் அறிவியலாளர்கள் பரிந்துரைக்கின்றனர்.

சூரிய ஆற்றல் வேலி, உயிரைப் பறிக்காத குறுகிய மின்துடிப்பை மட்டுமே தருகிறது. அமைப்பதற்கு முன் வனத்துறையின் விதிகளை அறிந்துகொள்வது அவசியம். தமிழ்நாட்டில் மின்வேலிகளைப் பதிவு செய்வதற்கான விதிகள் 2023-இல் வெளியிடப்பட்டன.

சேதம் ஏற்பட்டவுடன் நிழற்படம் எடுத்து வைத்து, வனத்துறைக்கும் வருவாய்த் துறைக்கும் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். இழப்பீட்டுக்கு மட்டுமன்றி, 11-ஆவது பிரிவின்கீழ் நடவடிக்கை கோருவதற்கும் இப்பதிவே அடிப்படையாகும்.

பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் வனவிலங்குகளால் ஏற்படும் சேதமும் 2026 காரீப் பருவம் முதல் சேர்க்கப்படும் என மத்திய அரசு 2025 நவம்பரில் அறிவித்தது. இதன்படி, சேதமடைந்த 72 மணி நேரத்திற்குள் பயிர்க் காப்பீட்டுச் செயலியில் இடக்குறிப்புடன் கூடிய படத்தைப் பதிவேற்ற வேண்டும். எந்த மாவட்டம், எந்த விலங்கு என்பதை மாநில அரசுகள் அறிவிக்கும்.

காட்டைக் காண விரும்புவோருக்கு

காட்டு அனுபவத்தை நாடுவோருக்கு இதே மாவட்டத்தில் சட்டபூர்வமான வழிகள் உண்டு. தேசியப் பூங்கா எல்லைக்குள் அமைந்த தலக்கோனா அருவிக்கும், பறவைகள் கூடும் நேலப்பட்டு சரணாலயத்திற்கும், பழவேற்காடு ஏரிக்கும் பயணம் திட்டமிடலாம். செல்வதற்கு முன், அனுமதி நேரத்தையும் நுழைவு விதிகளையும் வனத்துறையிடம் கேட்டறிவது நலம்.

திருமலையில் ஏழுமலையானைத் தரிசிக்கும் முன், புஷ்கரிணிக் கரையிலுள்ள வராக சுவாமியை வணங்குவது மரபு. பன்றி உருவத்தில் இறைவனை வணங்கும் அதே மலையின் அடிவாரத்தில்தான், பன்றியால் விளைச்சலை இழந்த விவசாயி இரவெல்லாம் காவல் இருக்கிறார். அவருக்குத் தேவைப்படுவது உரிய காலத்தில் கிடைக்கும் இழப்பீடும், விரைந்து முடிவெடுக்கும் அலுவலரும். வேட்டைப் பயணம் ஏற்பாடு செய்து தருவதாக எவரேனும் பணம் கேட்டால், அந்தத் தகவலை அருகிலுள்ள வனத்துறை அலுவலகத்திடம் தெரிவிக்கலாம்.