கொல்லைப்புறம் – 6: ஆடிக்கு முன் ஒரு பாத்தி

திருமங்கலத்தைத் தாண்டி ராஜபாளையம் சாலையில் போனால் தே.கல்லுப்பட்டி வரும். 1940இல் தொடங்கிய காந்தி நிகேதன் ஆசிரமம் அங்கேதான் இருக்கிறது. காந்தியப் பொருளியல் அறிஞர் ஜே.சி.குமரப்பா தம் கடைசிக் காலத்தைக் கழித்ததும் அந்த ஊரில்தான். லண்டனில் கணக்காய்வும் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளியலும் படித்தவர், சாப்பாட்டுத் தட்டையும் கணக்கில் சேர்த்தார். ஒரு லட்சம் பேருக்குச் சத்துள்ள உணவு கிடைக்க நிலத்தை எப்படிப் பிரிக்க வேண்டும் என்று பட்டியல் போட்டபோது, ஆளுக்கு நாளொன்றுக்கு 8 அவுன்ஸ், அதாவது சுமார் 225 கிராம் காய்கறி என்று எழுதி வைத்தார். இன்று உலக சுகாதார நிறுவனம் பழமும் காயுமாக 400 கிராம் வேண்டும் என்கிறது. நம் வீட்டு இலையில் பொரியல் வைக்கும் இடத்தைப் பார்த்தாலே எவ்வளவு பின்தங்கியிருக்கிறோம் என்று தெரிந்துவிடும்.

அவ்வளவு காயையும் வீட்டிலேயே விளைவிக்க முடியுமா? தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் கணக்கு எளிது: ஆளுக்கு ஒரு சென்ட். நாலைந்து பேர் உள்ள குடும்பத்துக்கு ஐந்து சென்ட் இருந்து, பாத்தியைக் காலியாக விடாமல் மாற்றி மாற்றிப் பயிர் வைத்தால் ஆண்டு முழுவதும் காய் வரும். ஒரு சென்ட் என்பது சுமார் 436 சதுர அடி. மதுரைக்குள் மூன்று சென்ட் மனையில் வீடு கட்டியவருக்குப் பின்னால் மிஞ்சுவது துணி காயப்போடும் இடம்தான். ஒத்தக்கடை, வாடிப்பட்டி, மேலூர்ப் பக்கம் பழைய கொல்லை உள்ள வீடுகளுக்கு மட்டுமே ஐந்து சென்ட் வாய்க்கும்.

அதனால் மனம் தளர வேண்டியதில்லை. இடம் குறுகினால் பயிரைத் தேர்ந்தெடுப்பதில்தான் கவனம் வேண்டும். முட்டைக்கோஸும் கேரட்டும் மலைக்காற்றில் வளரட்டும். தக்காளிகூடச் சித்திரை வெயிலில் பூவை உதிர்த்துவிடும். இந்த வெக்கைக்கு ஈடுகொடுப்பவை வெண்டை, கத்தரி, கொத்தவரை, பாகல், புடலை, அவரை, கீரை. ஓரத்தில் ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை. இவை இரண்டும் தம் நிழல் பாத்தியில் விழாத மூலையாகப் பார்த்து நிற்க வேண்டும். நடுவில் வைத்தால் கீழே எதுவும் தேறாது. முருங்கைக்கு வெளியூர் விதை தேட வேண்டாம். நாடெங்கும் பயிராகும் பி.கே.எம். 1, பக்கத்துப் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த ரகம். விதையிலிருந்தே வளர்க்கலாம்.

ஆடிப்பட்டம் தேடி விதை என்றவர்கள் காரணத்தோடுதான் சொன்னார்கள். மதுரையில் ஆடி காற்றடிக்கும் மாதம். பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். ஆடியில் ஊன்றியது வேர் பிடித்து நின்றால், மழைக்காலத்தில் தண்ணீர்ச் செலவு குறையும். பந்தல் அவரையைப் பொறுத்தவரை இது இன்னும் கறார். பழைய அவரை ரகங்கள் பகல் குறுகும் நாட்களில்தான் பூக்கும். தையில் விதைத்தால் கொடி பந்தலை மூடும், காய் வராது. ஆடியில் விதைத்தால் மார்கழி, தையில் கொத்துக் கொத்தாய்த் தொங்கும். பொங்கல் குழம்பில் அவரைக்காய் தவறாமல் விழுவதற்குப் பின்னால் இந்தச் சூரியக் கணக்கு இருக்கிறது.

குடும்பமே சேர்ந்து செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. சுரைக்கொடி முதலில் ஆண் பூக்களாகவே பூக்கும். பூ பூக்கிறது, காய் இல்லை என்று பலர் கொடியைப் பிடுங்கி எறிவது இந்தக் கட்டத்தில்தான். ஆண் பூ மெல்லிய நீண்ட காம்பில் நிற்கும். பெண் பூவுக்கு அடியில் விரல் நுனி அளவில், மென்மயிர் படர்ந்த பிஞ்சு ஒன்று ஒட்டியிருக்கும். சுரையின் வெள்ளைப் பூ சாயங்காலம் விரியும். பூசணியின் மஞ்சள் பூ விடிகாலையில். வண்டு வராத வீட்டில், அப்பத்தா அடையாளம் காட்ட, பேரப்பிள்ளை ஓர் ஆண் பூவைப் பறித்து இதழைக் கிழித்துவிட்டு, நடுவிலுள்ள மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவினால் போதும். சேர்ந்திருந்தால் பிஞ்சு பருக்கும். இல்லையென்றால் மஞ்சளாகிச் சுருங்கி உதிரும். மகரந்தச் சேர்க்கையைப் பிள்ளைகள் புத்தகத்தில் படிப்பதற்கு முன் கையால் செய்து பார்த்துவிடுவார்கள். இதைவிட நல்ல அறிவியல் பாடம் வேறில்லை.

பூச்சி வராத தோட்டம் கிடையாது. 50 கிராம் வேப்பங்கொட்டையை இடித்துத் துணியில் கட்டி ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவிட்டு, காலையில் பிழிந்து வடிகட்டி, துளி சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலம் தெளிக்கலாம். கத்தரியில் நுனிக்குருத்து வாடித் தொங்கினால் உள்ளே புழு இருக்கிறது. அதைக் கிள்ளி அழிப்பதே முதல் மருந்து.

2022இல் இலங்கை பொருளாதார நெருக்கடியில் சிக்கியபோது, வீட்டுத்தோட்டம் போடட்டும் என்று அரசு ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை தர அந்நாட்டு அமைச்சரவை ஜூன் மாதம் முடிவெடுத்தது. நோக்கம் நல்லது. ஆனால் வெண்டைக்கு ஒன்றரை மாதம் வேண்டும், அவரைக்கு நாலு மாதத்துக்கு மேல் வேண்டும். பசி வந்த பிறகு போடும் தோட்டம் அந்தப் பசிக்கு உதவாது. காய் விலை சாதாரணமாக இருக்கும்போதே பாத்தி தயாராக இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய காய்கறித் தோட்டத் திட்டத்தில் 12 வகை விதைகள் அடங்கிய பொட்டலம் மானியம் போக 15 ரூபாய்க்குக் கொடுக்கப்பட்டது. இப்போதைய இருப்பையும் விலையையும் உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் கேளுங்கள். யானைமலை அடிவாரத்தில், ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரி வளாகத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் சந்தேகங்களையும் கேட்கலாம்.

ஆனி முடிவதற்குள் மண்ணைக் கொத்தி, மக்கிய சாணத்தைக் கலந்து வையுங்கள். முதல் பாத்தியில் சிறுகீரையைத் தூவுங்கள். இருபத்தைந்து நாளில் பறித்துவிடலாம். பிள்ளைகள் பொறுத்திருக்கும் கெடு அவ்வளவுதான். அடுத்த வாரம் பந்தல் போடுவதைப் பார்ப்போம்.