காமலாபுரத்தில் ஏறினால் செருப்பு எங்கே?

ஓமலூரை அடுத்த காமலாபுரத்தில்தான் சேலம் விமான நிலையம் இருக்கிறது. கட்டடத்திலிருந்து நேரே விமானத்துக்குள் கொண்டுபோய் விடும் பாலமெல்லாம் இங்கே கிடையாது. வெளியே வந்து வெயிலில் நடந்து, ஏ.டி.ஆர். என்ற சிறிய விமானத்தின் வால்பக்கப் படியில் ஏற வேண்டும். தரையின் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் எல்லோர் காலோடும் உள்ளே வரும். வாசலில் செருப்பை விட்டே பழகிய நமக்கோ, உட்கார்ந்ததும் செருப்பைக் கழற்றக் கால் பரபரக்கும். வீட்டில் அது சுத்தம். விமானத்தின் தரை, கூரை போட்ட தெரு.

கழற்றினால் கிளம்பும் நாற்றத்துக்கு வருவோம். வியர்வைக்கு மணம் கிடையாது. உள்ளங்காலில் வியர்வைச் சுரப்பிகள் நெருக்கமாக உள்ளன. ஷூவுக்குள் அந்த ஈரம் காயாமல் தங்கும்போது, தோலில் வாழும் ஸ்டஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் என்ற பாக்டீரியா வியர்வையிலுள்ள லூசினைச் சிதைத்து ஐசோவலேரிக் அமிலமாக்குகிறது. மூக்கைப் பிடிக்க வைப்பது அதுதான். லிம்பர்கர் என்ற பாலாடைக்கட்டியைப் பக்குவப்படுத்தும் பாக்டீரியாவுக்கு நம் கால்விரல் இடுக்கிலும் உறவினர்கள் உண்டு. மலேரியா பரப்பும் ஆப்பிரிக்கக் கொசு அந்தக் கட்டியைத் தேடி வருவதைக் காட்டியதற்காக, 2006-ல் இரண்டு ஆய்வாளர்களுக்கு இக் நோபல் பரிசே கிடைத்தது.

ஆகவே, ரப்பர் செருப்போடு ஏறும் பெரியவரை முகம் சுளித்துப் பார்ப்பது அநியாயம். அவர் கால் காற்றாடிக் காய்ந்திருக்கும். காலையிலிருந்து மாட்டியிருந்த ஷூவைக் கழற்றுகிறாரே பக்கத்து சீட்காரர், நாற்றம் அவரிடமிருந்துதான் வரும். பெரிய ஜெட் விமானங்களில் காற்றைச் சுத்தப்படுத்தும் ஹெப்பா வடிகட்டி நுண்துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடித்துவிடும். நாற்றம் வாயு என்பதால் நழுவிவிடும்.

சென்னைக்கு ஒரு மணி நேரம்தான், பொறுத்துக்கொள்ளலாம். அங்கிருந்து சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ போகிறவர்கள் நிலை வேறு. கெண்டைக்கால் தசை அசையாவிட்டால் ரத்தம் மேலேறுவது மந்தமாகிப் பாதம் வீங்கும். அப்போது கழற்றுவது நியாயமே. துவைத்த சாக்ஸ் ஒரு ஜோடி கைப்பையில் இருக்கட்டும். கழிவறைக்கு மட்டும் சாக்ஸோடு போகாதீர்கள்: அங்கே தரையில் கிடக்கும் ஈரத்தைத் தண்ணீர் என்று நம்புவதற்கு அசாத்தியத் துணிச்சல் வேண்டும்.

கிளம்பிய முதல் 3 நிமிடமும் இறங்குமுன் கடைசி 8 நிமிடமும் காலில் ஏதாவது இருக்க வேண்டும். விபத்துகளில் பெரும்பாலானவை அந்த நேரங்களில்தான். 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோ ஹனேடாவில் தீப்பற்றிய ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானத்திலிருந்து 379 பேரும் உயிரோடு வெளியேறினார்கள். அப்படியொரு வேளையில் இருக்கைக்கு அடியில் குனிந்து செருப்பைத் துழாவ முடியாது. அவசரமாக வெளியேற விரிக்கும் சறுக்குப் பாதையைக் கிழிக்கும் என்பதால் குதிகால் உயர்ந்த செருப்பை மட்டும் கழற்றச் சொல்வார்கள். ஏ.டி.ஆரில் சறுக்குப் பாதையே இல்லை. வாசல் தாழ்வு, குதித்துவிடலாம். குதித்துவிட்டு ஓடவும் வேண்டுமே. பின்பட்டை வைத்த செருப்புதான் அதற்குத் தோது.