ஸ்காட்லாந்தில் ஒரு சிற்றூரும் ஒரு பூங்காவும்

ஸ்காட்லாந்து செல்லும் வாய்ப்பு உங்களுக்குக் கிட்டுமாயின், எடின்பரோ கோட்டையைக் கண்டதோடு திரும்பிவிடாதீர்கள். அந்நகரப் பல்கலைக்கழகத்தின் அருகே, 1998இல் திறக்கப்பட்ட மத்தியப் பள்ளிவாசலில் தொழுகையை நிறைவேற்றிவிட்டு, டன்ஃபெர்ம்லினுக்கு இரயிலேறுங்கள். 1890இல் திறக்கப்பட்ட மாபெரும் ஃபோர்த் எஃகுப் பாலத்தின்மீது அந்த இரயில் கழிமுகத்தைக் கடக்கும். டன்ஃபெர்ம்லினிலிருந்து பேருந்தில் சிறிது தூரம் மேற்கே சென்றால் ‘கூரஸ்’ என்னும் சிற்றூரை அடைவீர்கள்.

மஞ்சள் சுண்ணம் பூசிய சுவர்கள், செந்நிற ஓடுகள், கல் பாவிய குறுகிய சந்துகள்! நூற்றாண்டுகள் பல கண்ட வீடுகளில் இன்றும் மக்கள் குடியிருக்கின்றனர்.

தெருவைச் சற்றுக் குனிந்து பாருங்கள். நடுவிலுள்ள கற்கள் மட்டும் உயர்ந்திருக்கும். ஊர்ப் பெரியோர் கால் நனையாமல் அவற்றின்மீது நடப்பராம். எளியோர் கழிவுநீர் ஓடும் ஓரங்களில் ஒதுங்கிச் செல்ல வேண்டுமாம். இன்று அக்கற்களின்மீது யாரும் நடக்கலாம்.

கடலடியில் ஒரு சுரங்கம்

இவ்வூருக்குச் செல்வம் சேர்த்தவை நிலக்கரியும், உப்பும், ரொட்டி சுடும் இரும்புக் கல்லும் ஆகும். சர் ஜார்ஜ் புரூஸ் என்னும் வணிகர் கடலுக்கடியிலேயே நிலக்கரி வெட்டினார். குதிரைகள் சுற்றும் வாளிச் சங்கிலியால் சுரங்க நீரை இறைத்தார். வெட்டிய கரியைக் கொண்டே கடல்நீரைக் காய்ச்சி உப்பெடுத்தார். 1617இல் இச்சுரங்கத்தைக் காண வந்த மன்னர் ஜேம்ஸ், நிலத்தில் இறங்கிக் கடல் நடுவே வெளிவந்ததும், தம்மைக் கொல்லச் சதி நடக்கிறதென்று அஞ்சி அலறினார் என ஒரு கதையும் உண்டு. 1625ஆம் ஆண்டுப் புயல் அச்சுரங்கத்தை அழித்தது.

புரூஸ் 1597 முதல் 1611 வரை கட்டிய இல்லத்தை ‘அரண்மனை’ என்றே அழைக்கின்றனர். மரக்கூரைகளில் தீட்டிய பழைய ஓவியங்களையும், பின்புறம் சரிவில் அமைந்த காய்கறித் தோட்டத்தையும் காணத் தவறாதீர்கள்.

தொழில் நலிந்து, ஊர் வறுமையுற்றது. புதிதாகக் கட்டப் பணமில்லாததால் பழைய வீடுகள் இடிபடாமல் நின்றன. ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளை 1932இல் அரண்மனையை வெறும் 700 பவுனுக்கு வாங்கியது. பின்னர்ச் சிறு வீடுகளையும் ஒவ்வொன்றாகச் செப்பனிட்டது. மன்னர் மாளிகையன்று, மீனவரும் கைவினைஞரும் வாழ்ந்த குடில்களும் காக்கத்தக்கவை என்பதை இவ்வூர் உணர்த்துகிறது.

பூட்டிய கதவு

டன்ஃபெர்ம்லினுக்குத் திரும்புங்கள். 2022இல் மாநகரத் தகுதி பெற்ற இவ்வூர், ஒருகாலத்தில் ஸ்காட்லாந்து மன்னர்களின் இருப்பிடம். 1329இல் மறைந்த ராபர்ட் புரூஸ் மன்னரின் கல்லறை இங்குள்ள பழைய தேவாலயத்தில் இருக்கிறது.

அதனருகே விரிந்து கிடக்கிறது பிட்டன்கிரீஃப் பூங்கா. ஏழை நெசவாளியின் மகனாக 1835இல் இவ்வூரில் பிறந்த ஆண்ட்ரூ கார்னெகி, சிறுவயதில் இதனுள் நுழைய இயலவில்லை. தேவாலய இடிபாடுகளில் பொதுமக்களுக்குள்ள உரிமைக்காக அவருடைய தாய்வழிப் பாட்டனார் தோட்டத்தின் உரிமையாளரை எதிர்த்தார். அதனால் அக்குடும்பத்தார் எவருக்கும் அனுமதியில்லை!

நீராவித் தறி வந்து கைத்தறி வீழ்ந்தது. 1848இல் குடும்பம் அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. அங்கே எஃகுத் தொழிலில் பெருஞ்செல்வரான கார்னெகி, 1902இல் அதே தோட்டத்தை விலைக்கு வாங்கி, அடுத்த ஆண்டே ஊர்மக்களுக்கு வழங்கிவிட்டார். அவருடைய கொடையால் எழுந்த முதல் நூலகமும் 1883இல் இவ்வூரில்தான் திறக்கப்பட்டது. பின்னர் உலகெங்கும் இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட நூலகங்கள் எழுந்தன.

அவர் குறையற்றவர் அல்லர். 1892இல் அவருடைய ஆலையில் நடந்த தொழிலாளர் போராட்டத்தில் உயிர்கள் பலியாயின. கொடையைப் போற்றும் நாம் அதனையும் மறக்கலாகாது.

அன்பு வாசகர்களே! அங்கே செல்வீர்களாயின் குழந்தைகளையும் அழைத்துச் செல்லுங்கள். அவர்கள் பிறந்த கார்னெகியின் சிறு வீட்டை முதலில் பார்க்கட்டும். பிறகு பூங்காவில் ஓடி விளையாடட்டும். தமக்கு அடைக்கப்பட்ட கதவைத் தம் ஒருவருக்காக மட்டும் திறந்துகொள்ளாமல், ஊருக்கே திறந்துவிட்டார் ஒருவர் என்பதை அங்கே வைத்துச் சொல்லுங்கள்.