சபைக் கூச்சமும் சாதகமும்

வீட்டில் தடையின்றிப் பாடும் ஒருவர் சபையில் தடுமாறுவது ஏன்? பள்ளி ஆண்டு விழாவுக்குக் குழந்தைகளைத் தயார் செய்யும் ஆசிரியர்களும், கிராமக் கூட்டங்களில் பாட்டின் வாயிலாகச் செய்தி பரப்பும் களப் பணியாளர்களும் இவ்வினாவை அடிக்கடி சந்திக்கிறார்கள். என் சொந்த அனுபவம் ஒன்று இதற்கு உதாரணமாகும்.

தில்லியில் ஓர் அலுவலக விழாவில் கீர்த்தனம் ஒன்றைப் பாட இசைந்தேன். பல மாதங்கள் பழகிய உருப்படிதான். ஆயினும் மேடையில் அமர்ந்ததும் நா வறண்டது, விரல்கள் குளிர்ந்தன. பல்லவியை வழக்கத்தைவிட விரைவாக எடுத்துவிட்டேன். சரணத்தில் மூச்சுப் போதாமல் மேல் ஷட்ஜத்தில் சுருதி இறங்கியது. அதன் இரண்டாம் அடி நினைவுக்கு வரவேயில்லை. இனிப் பாடுவதில்லை என்ற தீர்மானத்துடன் வீடு திரும்பினேன்.

அச்சம் தோன்றும்போது, சிறுநீரகங்களின் மேல் அமைந்துள்ள அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலின் என்னும் பொருளை இரத்தத்தில் கலக்கின்றன. இருதயம் விரைந்து துடிக்கிறது, உமிழ்நீர் குறைகிறது, விரல்களின் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, மூச்சு மேலோட்டமாகிறது. ஆபத்தை எதிர்க்கவோ தப்பியோடவோ தேகம் தன்னை ஆயத்தம் செய்துகொள்ளும் முறை இது என்று அமெரிக்க உடலியல் அறிஞர் வால்ட்டர் கானன் 1915-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விளக்கினார். புலியைக் கண்டவனுக்கு இது துணை செய்யும்; நீண்ட மூச்சை நாடும் பாடகருக்கோ இடையூறாகிறது.

ஆயினும் சபை எல்லாவற்றையும் கெடுப்பதில்லை. பிறர் முன்னிலையில், நன்கு பழகிய செயல் மேலும் செம்மையடைகிறது. அரைகுறையாகப் பழகிய செயலே சீர்குலைகிறது. பல பரிசோதனைகளின் முடிவுகளை ஒப்புநோக்கி இவ்வுண்மையை 1965-ஆம் ஆண்டில் உளநூல் அறிஞர் ராபர்ட் ஸயோன்ஸ் எடுத்துரைத்தார்.

நண்பர் ஒருவர் கைப்பேசியில் செய்திருந்த பதிவை ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது இது எனக்கு விளங்கிற்று. பாட்டு முழுவதும் பாழாயிற்று என்று எண்ணியிருந்தேன். அனுபல்லவி குறையின்றி இருந்தது. விரைவான எடுப்பு நீங்கலாக, பிழைகள் யாவும் சரணத்திலேயே இருந்தன. வீட்டில் பிழை நேரும்போதெல்லாம் பல்லவிக்குத் திரும்பித் தொடங்குவது என் வழக்கம். ஆகவே பல்லவி நூறு முறை பாடப்பெற்றது. சரணம் அதில் கால் பங்குகூடப் பெறவில்லை. சபை என் சாதகத்தின் குறையைச் சுட்டிக்காட்டிற்று, அவ்வளவே.

இதிலிருந்து சில வழிகள் புலப்படுகின்றன. முதலாவதாக, சரணத்திலிருந்தும், இடையிலுள்ள எந்த அடியிலிருந்தும் தொடங்கிப் பாடிப் பழக வேண்டும். இரண்டாவதாக, இரண்டு மூன்று பேர் முன்னிலையில், பிழை நேர்ந்தாலும் நிறுத்தாமல் இறுதிவரை பாட வேண்டும். மாடிப்படிகளில் விரைந்து ஏறி, நெஞ்சு படபடக்கும்போதே பாடிப் பார்ப்பதும் நன்று. மூன்றாவதாக, மேடையில் மூச்சை மெல்ல வெளியே விட்டு, முதல் அடியை மனத்துள் தாளத்துடன் ஒரு முறை பாடிய பின்னரே வாய் திறக்க வேண்டும். காலப்பிரமாணம் ஓடாமல் நிற்கும்.

படபடப்பை அடக்க முயல வேண்டுவதில்லை. ஆலிசன் வுட் புரூக்ஸ் என்னும் ஆராய்ச்சியாளர் 2014-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், பாடுவதற்குமுன் ‘உற்சாகமாக இருக்கிறேன்’ என்று உரக்கச் சொன்னவர்கள், ‘பதற்றமாக இருக்கிறேன்’ என்று சொன்னவர்களைவிடச் செம்மையாகப் பாடினார்கள். இரண்டிலும் நெஞ்சு படபடக்கிறது. அதற்கு நாம் இடும் பெயரே வேறு.

மேடையில் தடுமாறி இறங்கும் மாணவனிடம் ‘உனக்குப் பாட்டு வராது’ என்று சொல்லிவிடுவது எளிது; அவன் அதை ஆயுள் முழுவதும் நம்பிவிடவும் கூடும். ‘எந்த அடியில் தடுமாறினாய்?’ என்று கேட்போமாயின், மறுநாள் சாதகம் அவ்வடியிலிருந்து தொடங்கும். நானும் இப்பொழுது சரணத்திலிருந்தே தொடங்குகிறேன்.