ஜார்ஜ் அழகையா

ஜார்ஜ் அழகையா (22 நவம்பர் 1955 – 24 ஜூலை 2023) பிரித்தானியத் தொலைக்காட்சிச் செய்தியாளரும் எழுத்தாளரும் ஆவார். கொழும்பில் ஒரு தமிழ்க் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தவர். பிபிசி நிறுவனத்தின் ஆப்பிரிக்கச் செய்தியாளராகப் பெயர் பெற்றார். பின்னர் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அந்நிறுவனத்தின் மாலை ஆறு மணிச் செய்தியை வழங்கினார். ஆங்கில எழுத்துக்கூட்டலில் ழகரம் லகரமாகிவிட்டாலும், 'அழகையா' என்ற பெயர் தமிழ்க் காதுக்கு உடனே பிடிபடும்.

இளமைக்காலம்

தந்தை டொனால்ட் அழகையா நீர் வழங்கல், நீர்ப்பாசனத் துறைப் பொறியாளர். தாய் தெரேஸ். 1956 இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டம் வந்தது. 1958 இல் தமிழருக்கு எதிரான கலவரம் நடந்தது. தமிழருக்கு எதிர்காலம் சுருங்கிவந்த அந்தச் சூழலில், 1961 இல் குடும்பம் கானா நாட்டுக்குக் குடிபெயர்ந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன்புதான் விடுதலை பெற்றிருந்த கானாவுக்குப் பொறியாளர்கள் தேவைப்பட்டனர். தலைநகர் அக்ராவில் தொடக்கக் கல்வி பயின்ற சிறுவன், 11 வயதில் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் நகரிலுள்ள செயின்ட் ஜான்ஸ் கல்லூரி விடுதிப் பள்ளிக்கு அனுப்பப்பட்டான். பதின்ம வயதுக்கு முன்பே மூன்று கண்டங்களில் வாழ்ந்தாயிற்று. எங்கும் வெளியிலிருந்து வந்தவனாகவே இருந்த அனுபவம் அவருடைய பிற்கால எழுத்துகள் பலவற்றுக்கு அடிப்படையானது.

டர்ஹாம் பல்கலைக்கழகத்தில் அரசியல் பயின்றார். மாணவர் செய்தித்தாளான 'பாலட்டினேட்'டின் ஆசிரியராகவும் இருந்தார். அங்கு அறிமுகமான பிரான்செஸ் ராபத்தனை 1984 இல் மணந்தார். இவர்களுக்கு இரண்டு மகன்கள்.

களச் செய்தியாளர்

வளரும் நாடுகளைப் பற்றி எழுதிவந்த 'சவுத்' என்ற லண்டன் இதழில் 1982 முதல் பணியாற்றிவிட்டு, 1989 இல் பிபிசியில் சேர்ந்தார். முதலில் வளரும் நாடுகளுக்கான செய்தியாளர். பின்னர் ஜோகன்னஸ்பர்க்கில் தங்கியிருந்த தென்னாப்பிரிக்கப் பகுதிச் செய்தியாளர். ருவாண்டா இனப்படுகொலையும் அதன் பின்விளைவுகளும், லைபீரியா, சியரா லியோன் உள்நாட்டுப் போர்கள், ஈராக்கின் வடக்கே குர்து மக்கள் பட்ட துயரம், இந்தியாவில் நடந்த மனித உறுப்பு வணிகம் ஆகியவை அவர் செய்தியாக்கியவற்றுள் சில. நெல்சன் மண்டேலா, பேராயர் டெஸ்மண்ட் டூட்டு, கோஃபி அன்னான், ராபர்ட் முகாபே ஆகியோரைப் பேட்டி கண்டார். புருண்டி உள்நாட்டுப் போர் குறித்த செய்திக்காக அம்னஸ்டி இன்டர்நேஷனல் அமைப்பு 1994 இல் அவருக்குச் சிறந்த தொலைக்காட்சிச் செய்தியாளர் விருது வழங்கியது.

இக்காலத்தில் சோமாலியாவில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சி தனியாகச் சொல்லத்தக்கது. உள்நாட்டுப் போரும் பஞ்சமும் சேர்ந்து வாட்டிய வேளையில், உதவி எதுவும் எட்டாத குஃப்கடூட் என்ற சிற்றூருக்கு அவர் சென்றார. முந்தைய நாளைவிட அதிர்ச்சி தரும் படங்களைத் தேடி அலையும் செய்தியாளர் கூட்டத்தில் தானும் ஒருவன் என்பதை ஒளிக்காமல் பின்னர் எழுதினார். பசியால் சாகும் குழந்தைகளையும், ஆறாத புண்ணோடு கிடந்த முதியவளையும் படம்பிடித்துக்கொண்டு நகரும்போது, ஒரு மனிதர் அவரைப் பார்த்து ஒரு நொடி புன்னகைத்தார். அது வரவேற்பும் அல்ல, மகிழ்ச்சியும் அல்ல. காரணம் கேட்டபோது, இந்நிலையில் பிறர் கண்ணில் பட நேர்ந்ததற்காக அவர் கூச்சப்படுகிறார் என்று மொழிபெயர்ப்பாளர் விளக்கினார்.

பஞ்சத்தில் கிடப்பவர் கூச்சப்படுகிறார் என்றால், நல்ல உடையும் நிறைந்த வயிறுமாய் அவரைப் படமெடுப்பவர் என்ன உணர வேண்டும்? பார்ப்பவருக்கும் பார்க்கப்படுபவருக்கும் இடையே இருந்த வழக்கமான உறவு அந்தப் புன்னகையில் தலைகீழானது என்றும், அந்த மனிதரின் பெயரைக்கூடத் தாம் அறிந்துகொள்ளவில்லை என்றும் அழகையா பதிவு செய்துள்ளார். 2001 இல் வெளிவந்த 'எ பாசேஜ் டு ஆப்ரிக்கா' நூலில் உள்ள இப்பகுதி, பன்னாட்டுப் பள்ளிகளில் ஐ.ஜி.சி.எஸ்.இ. ஆங்கிலப் பாடமாகவும் இடம்பெற்றது. இதழியல் மாணவர்கள் கட்டாயம் படிக்க வேண்டிய பக்கங்கள் அவை.

செய்தி அரங்கில்

1999 முதல் செய்தி வழங்கத் தொடங்கிய அழகையா, 2003 ஜனவரியில் ஆறு மணிச் செய்தியின் முதன்மை வழங்குநர்களுள் ஒருவரானார். முதலில் சோஃபி ராவொர்த், பின்னர் நடாஷா கப்லின்ஸ்கி ஆகியோருடன் இணைந்தும், 2007 டிசம்பர் முதல் தனித்தும் அதை வழங்கினார். 2010 இல் பிபிசி உலகச் செய்தி அலைவரிசையில் தொடங்கிய 'ஜி.எம்.டி.' நிகழ்ச்சியையும் நடத்தினார். வெள்ளையர் அல்லாதோர் பிரித்தானியச் செய்தித் திரையில் தோன்றுவது அப்போது புதிதன்று. மொய்ரா ஸ்டூவர்ட்டும் டிரெவர் மெக்டொனால்டும் ஏற்கெனவே வழி திறந்திருந்தனர்.

தமிழில் 'செய்தி வாசிப்பாளர்' என்ற சொல் வேரூன்றிவிட்டது. ஆனால் எழுதித் தந்ததை வாசிப்பது மட்டுமே இப்பணி அன்று. எந்தச் செய்தி முன்னே வரவேண்டும் என்ற விவாதத்தில் பங்கேற்பது, வாசகங்களைத் திருத்துவது, களத்திலிருக்கும் செய்தியாளரிடம் நேரலையில் சரியான கேள்வியைக் கேட்பது ஆகியவையும் இதில் அடங்கும். களத்தில் நின்று பழகியவர் என்பதால் கேள்வி கேட்பது அவருக்கு எளிதாக வந்தது. குரலை உயர்த்தாமல், முகத்தில் நாடகம் காட்டாமல் பேசுவது அவர் பாணி.

நடுநிலைக்கு அவர் விலையும் கொடுத்தார். வளரும் நாட்டு உழவர்களுக்கு நியாயமான விலை கோரும் ஃபேர்டிரேட் அறக்கட்டளையின் புரவலராக 2002 முதல் இருந்தவர், பணிக்கும் அதற்கும் முரண் எழும் என்று பிபிசி கருதியதால் 2009 இல் விலக நேர்ந்தது.

2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கை சென்று, தாத்தாவின் பழைய வீட்டைத் தேடிப் பார்த்தார். வீடு இடிந்து கிடந்தது. சிறுவயதில் சகோதரிகளோடு விளையாடிய கிணறு ஒன்றுதான் அடையாளம் தெரிந்தது.

இங்கிலாந்தில் குடியேறியோரின் வாழ்வையும் பன்முகப் பண்பாட்டையும் ஆராயும் 'எ ஹோம் ஃபிரம் ஹோம்' (2006), தென்னாப்பிரிக்க நிலச் சிக்கலை மையமாகக் கொண்ட 'தி பர்னிங் லேண்ட்' (2019) என்ற நாவல் ஆகியவை இவருடைய பிற நூல்கள். 2008 புத்தாண்டுப் பட்டியலில் ஓ.பி.இ. விருது பெற்றார்.

நோயும் மறைவும்

2014 ஏப்ரலில் பெருங்குடல் புற்றுநோய் கண்டறியப்பட்டபோது அவருக்கு வயது 58. நோய் நான்காம் நிலைக்கு முற்றி, கல்லீரலுக்கும் பரவியிருந்தது. பல சுற்று கீமோதெரபிக்கும் அறுவை சிகிச்சைகளுக்கும் பின் 2015 நவம்பரில் திரைக்குத் திரும்பினார். 2017 இறுதியில் நோய் மீண்டும் வந்தது.

பெருங்குடல் புற்றுநோயை அறிகுறி தோன்றும் முன்பே மலப் பரிசோதனை மூலம் கண்டறிய வாய்ப்புண்டு. தொடக்க நிலையில் பிடிபட்டால் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம். அந்நாளில் ஸ்காட்லாந்தில் 50 வயது முதலே இப்பரிசோதனைக்கான பொதி வீட்டுக்கு அனுப்பப்பட்டது. இங்கிலாந்திலோ 60 வயதில்தான். எல்லைக்கு அப்பால் வாழ்ந்திருந்தால் தம் நோய் முன்பே தெரிந்திருக்கலாம் என்று 2018 இல் வெளிப்படையாகப் பேசினார். தம்மைப் பற்றிய செய்தியைத் தாமே சொல்ல நேர்ந்தபோதும், புலம்பாமல் இரண்டு வயது வரம்புகளை அருகருகே வைத்துக் காட்டினார். 'பவல் கேன்சர் யுகே' என்ற தொண்டு நிறுவனத்துக்காக வலையொலித் தொடரும் நடத்தினார். இங்கிலாந்தில் இந்த வயது வரம்பை 50 நோக்கிப் படிப்படியாகக் குறைக்கும் பணி 2021 இல் தொடங்கியது.

சிகிச்சைகளுக்கு இடையே இயன்றபோதெல்லாம் பணிக்கு வந்துகொண்டிருந்த அவர், நோய் மேலும் பரவியதால் 2022 அக்டோபரில் திரையிலிருந்து விலகினார். 2023 ஜூலை 24 அன்று, 67 ஆவது வயதில், குடும்பத்தினர் சூழ்ந்திருக்கக் காலமானார்.